நீல முதுகுக் கார்டு

"இன்னொரு தடவை என்னை வக்கீல் ஆபீசுக்கு அனுப்பாதீங்க சித்தி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றபடி உள்ளே வந்தான் சுருட்டை. "இந்தப் பக்கம் ஒரு விவாகரத்து, அந்தப் பக்கம் ஒரு பாகப்பிரிவினை, நடுவுல நான். ரெண்டு பேரும் என்கிட்ட யோசனை கேட்டாங்க."

"சொன்னியா?"

"சொன்னேன். விவாகரத்துக்காரர்கிட்ட பாதியை வாங்கிக்கங்கன்னேன். பாகப்பிரிவினைக்காரர்கிட்ட அனுசரிச்சுக் குடும்பம் நடத்துங்கன்னேன். கொஞ்சம் மாறிப் போச்சு."

சித்தி சிரிக்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள். சுருட்டை சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து அதில் வைத்தான்.

சித்தி என்றால் நிஜமாகவே சித்திதான். சுருட்டையின் அம்மாவுக்கு நேர் இளையவள். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து, தன் கடைக்குத் தானே தீ வைத்துவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டு அழும் மகான்களையெல்லாம் பார்த்துச் சலித்து, இப்போது ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறாள். எந்த வேலையிலும் உருப்படியாக நிலைக்காத அக்கா மகனுக்கு அங்கே உதவியாளர் பதவி. சம்பளத்தைவிடத் திட்டு தாராளமாகக் கிடைக்கும் இடம்.

எதிர் நாற்காலியில் இருந்த ஓவியக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தூங்கிப் பல நாளான முகம்.

அவளுடைய கதை இதுதான். ஒரு காலத்தில் பிஸ்கட் பாக்கெட்டுக்குள் 'கோட்டை வீரர்கள்' என்று கார்டுகள் வரும். பிள்ளைகள் பிஸ்கட்டைத் தின்றார்களோ இல்லையோ, கார்டை மாற்றிக்கொள்வதற்காகப் படிப்பைக் கோட்டை விட்டார்கள். கம்பெனி கார்டு போடுவதை நிறுத்தி ரொம்பக் காலமாகிறது. அந்தக் கார்டுகளை வைத்து மூன்று பேர் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்தார்கள். ஒருத்தர் மட்டும் உட்கார்ந்து கம்ப்யூட்டரோடு மோதுகிற ஆட்டம். பெயர், 'தனியாட்டம்'. கம்பெனியிடம் கேட்டால் அனுமதி கிடைக்காது என்பதால் கேட்கவில்லை. எல்லாருக்கும் இலவசமாகக் கொடுப்பதாக எண்ணம்.

புரோகிராம் எழுதியவள் ஒரு தோழி. படம் வரைந்தவள் இவள். இசை போட்டது இவளுடைய வீட்டுக்காரர்.

வெளியிடப் போகிற நேரத்தில் யாரோ அந்த ஆட்டத்தை ஆடி, ஆடியதை அப்படியே வீடியோவாக எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்கள். கம்பெனி வக்கீல் நோட்டீஸ் விட்டார். எல்லாவற்றையும் அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட். ராத்தூக்கத்தை விற்றுச் செய்த வேலை மண்ணாய்ப் போயிற்று.

பரிசோதனைப் பிரதி மூன்று பேரிடம் மட்டும்தான் இருந்தது. யாருடைய பிரதி என்று தெரிவதற்காகக் கார்டின் முதுகுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். வீடியோவில் தெரிந்தது நீலம். நீலம், ஓவியக்காரியுடையது.

"ஆட்டத்துக்காகக் காத்திருந்த ரசிகர்கள் என்னைத் துரோகின்னு எழுதுறாங்க" என்றாள். "எழுதிட்டுப் போகட்டும் மேடம். வீட்டுல இவர் பேசறதில்லை. எப்பவோ ஒரு சண்டையில, 'இந்த ஆட்டம் ஒழிஞ்சாத்தான் நமக்கு வாழ்க்கை'ன்னு வாய் தவறிச் சொல்லித் தொலைச்சேன். அதையே புடிச்சிக்கிட்டார். எனக்கு ஊரு வேண்டாம். இவர் ஒருத்தர் நம்பினாப் போதும்."

சித்தி இரண்டு வீடியோக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிட்டாள். ஒன்று, நோட்டீஸோடு கம்பெனி புரோகிராம்காரிக்கு அனுப்ப, அவள் தன் கூட்டாளிகளுக்குக் கொடுத்தது. மற்றது, நோட்டீஸ் வாங்கியவள் என்ற உரிமையில் ஓவியக்காரி எழுதிக் கொடுத்து, சுருட்டை பெஞ்சு தேய்த்து வக்கீலிடமிருந்து வாங்கி வந்தது.

"கம்பெனியோடது கொஞ்சம் நீளமா இருக்கு" என்றான் சுருட்டை. "கடைசியில 'நன்றி, வணக்கம்' போட்டிருப்பாங்க."

"இருக்கட்டும்" என்று சித்தி சின்னதை மூடினாள்.

திரையில் யாரோ ஒரு கை கார்டுகளை நகர்த்திக்கொண்டிருந்தது. எதிரே கன்னம் உப்பிய ஒரு சின்னப் பையனின் முகம். ஆட்டத்தில் எதிராளி அவன்தான். பெயர் வாண்டு. தோற்கப் போகும்போதெல்லாம் அவன் ஒரு வசனம் சொல்வான். 'ட' வராத மழலையில், "வித மாத்தேன், வித மாத்தேன்." விளம்பரத்துக்காக விட்ட துண்டுப் படத்திலேயே அந்த வசனம் ரசிகர்கள் வாயில் ஒட்டிக்கொண்டது.

கடைசிப் பகுதியில் ஆடுகிறவர் ஜெயிக்கிற நிலையில் இருந்தார். திடீரென்று 'தூதுவன்' என்ற கார்டை எடுத்து, வைக்க வேண்டிய இடத்தில் வைக்காமல், வாண்டுவின் முகத்தின் மேல் கொண்டுபோய் வைத்தார். ஆட்டம் ஏற்கவில்லை. "வித மாத்தேன்" என்றது. மறுபடி வைத்தார். மறுபடி "வித மாத்தேன்." மூன்றாவது முறையும் அப்படியே. அதோடு வீடியோ நின்றது.

"கை தவறியிருக்கும்" என்றாள் ஓவியக்காரி.

"ஒரு தடவை தவறும். அதே இடத்துல மூணு தடவை தவறினா அது தவறு இல்லைம்மா, பழக்கம். அந்தக் கார்டுல என்ன எழுதியிருக்கு?"

"எதிராளியிடம் பலம் வாங்கு. நம்ம வீரன் மேல வெச்சா எதிராளி பலம் கொஞ்சம் நமக்கு வரும். அதுல ஒரு வேடிக்கை இருக்கு மேடம். முதல் தடவை அச்சடிச்சப்போ பலத்துக்குப் பதிலா பழம்னு போட்டுட்டாங்களாம். 'எதிராளியிடம் பழம் வாங்கு.' அப்புறம் திருத்திட்டாங்க. எங்க ஆட்டத்துல பலம்தான்."

"பழக்கடையில சண்டை போட்டிருப்பாங்க போல" என்றான் சுருட்டை.

சித்தி அவன் பக்கம் திரும்பினாள். "டேய், சின்ன வயசுல நீயும் உங்கக்காவும் சண்டை போட்டா என்ன பண்ணுவீங்க?"

"அவ கடிப்பா, நான் அழுவேன்."

"அப்புறம்?"

"காய் விட்டுப்போம். பேச மாட்டோம். அப்புறம் ரெண்டு நாள்ல அவளே வந்து பழம்..."

வாக்கியம் பாதியில் நின்றது. சுருட்டைக்கு வாய் மூடிய தருணங்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று.

"ரெண்டு பசங்க இருக்காங்க" என்றாள் சித்தி. "கையில இந்தக் கார்டு. 'எதிராளியிடம் பழம் வாங்கு'ன்னு போட்டிருக்கு. அதுங்களுக்கு அது அச்சுப்பிழைன்னா தெரியும்? இந்தக் கார்டை நீட்டினா சண்டை முடிஞ்சுது, பழம் விட்டாச்சு. அதான் அதுங்க சட்டம். இந்த ஆள் எதிராளி முகத்துக்கு நேரா கார்டை நீட்டுறான். சமாதானம் கேக்கறான். நீங்க சின்ன வயசுல இதை ஆடியிருக்கீங்களா?"

"எங்க வீட்டுல பிஸ்கட்டே கிடையாது மேடம். இவர் வளர்ந்த இடத்துல இந்தக் கார்டே வரலை. ஆடினவ புரோகிராம் எழுதினவ ஒருத்திதான். அவளும்..." ஓவியக்காரி மெதுவாகச் சொன்னாள். "அவளும் அவ தம்பியும். ஆனா அவன்கூட அவளுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. ஏன்னு கேட்டா மழுப்பிடுவா. ஏதோ பெரிய மால்ல அறிவிப்பு சொல்ற வேலை."

சித்தி செருப்பைத் தேடினாள்.

மாலின் கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பின்னால், கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. உள்ளே மைக், ஒரு மின்விசிறி, அழுத்திச் சலவை செய்த சட்டையில் ஓர் இளைஞன். கண்ணாடியில் இருந்த ஓட்டை வழியாகச் சித்தி ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள்.

"ஒரு பொருள் கண்டெடுத்தோம் தம்பி. கொஞ்சம் சொல்லிடுங்க."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். கட்டடம் முழுக்கக் குரல் பரவியது. நல்ல குரல். ஒவ்வொரு 'ட'வையும் ரப்பர் ஸ்டாம்ப் குத்துவது போல் அழுத்திச் சொன்னான். "வாடிக்கையாளர்களின் கவனத்துக்கு. மாடிப்படி அருகே கார்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. அதில் எழுதப்பட்டிருப்பது, எதிராளியிடம்..."

அவ்வளவுதான். மைக் திறந்தே கிடந்தது. மேல் தளங்களில் சிலர் நின்று ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார்கள். அவன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பழம்னு போட்டிருக்கு" என்றான் சுருட்டை உதவியாக. "எழுத்துப் புரியலைன்னா சொல்லுங்க, எங்க சித்திக்குக் கையெழுத்து கொஞ்சம் மோசம்."

அவன் மைக்கை அணைத்தான். கதவைத் திறந்துவிட்டான்.

"நான்தான் அனுப்பினேன்" என்றான். சித்தி இன்னும் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை. "எனக்குப் பத்து வயசு வரைக்கும் 'ட' வராது. பள்ளிக்கூடத்துல வாத்தியார் எழுந்து நிக்க வெச்சு 'பட்டம்'னு சொல்லச் சொல்வார். நான் சொல்வேன். கிளாஸே விழுந்து புரண்டு சிரிக்கும். கண்ணாடி முன்னாடி நின்னு நின்னு அதைச் சரி பண்ணினேன். யாரும் சொல்லித் தரலை. இன்னைக்கு மைக் முன்னாடி உக்காந்து சோறு திங்கறேன். போன மாசம் கேன்டீன்ல ஒருத்தன் போனைப் பாத்து 'வித மாத்தேன், வித மாத்தேன்'னு சொல்லிச் சிரிக்கிறான். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."

"அக்காவை அப்பவே கேட்டிருக்கலாமே?"

"அப்பா காரியத்துக்கு வந்தப்போ பெரிய சண்டை. காரணம் இப்போ நெனச்சா ஒண்ணுமே இல்லை. யார் முதல்ல பேசறதுன்னு ரெண்டு பேரும் உக்காந்திருந்தோம். அப்படியே வருஷம் போயிடுச்சு. அப்புறம் ஆட்டம் கைக்கு வந்துச்சு. கோபத்துலதான் ஆட ஆரம்பிச்சேன், வீடியோவும் எடுத்தேன். ஆடிக்கிட்டே வரும்போது கோபம் குறைஞ்சு போச்சுங்க. எங்க பழைய கார்டு எல்லாம் இருந்துச்சு. சரி, என்னை நெனச்சுதான் அக்கா பண்ணியிருக்கான்னு தோணுச்சு. அப்போ தூதுவன் வந்தான். நீட்டினேன். நிச்சயமா அதுக்கு ஒரு வழி வெச்சிருப்பான்னு நெனச்சேன்." அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். "நான் பழம் விடறேன். எதிர்ல நானே உக்காந்துக்கிட்டு வித மாத்தேன்னு சொல்றேன். மூணு தடவை. அதுக்கு மேல எவன் பொறுப்பான்?"



"ஆட்டத்தை உங்களுக்கு யார் குடுத்தது?" என்றாள் சித்தி.

"அதை மட்டும் கேக்காதீங்க."

"இதுல ஒரு பொண்ணு வாழ்க்கை சிக்கிக்கிட்டிருக்கு தம்பி. படம் வரைஞ்சவ. அவதான் காட்டிக் குடுத்தான்னு அவ வீட்டுக்காரரே நம்பறார். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா..."

"சொன்னா, அந்த வாண்டு யாருன்னு ஊருக்கே தெரியும்." அவன் குரல் உயரவில்லை. "அப்புறம் நான் இந்த மைக்கைத் தொட முடியுமா? ஒவ்வொரு அறிவிப்புக்கும் கீழே நின்னு சிரிப்பானுங்க. நீங்க என்ன கேட்டாலும் நான் இல்லைன்னுதான் சொல்வேன். அந்தப் பொண்ணுகிட்ட என்னை மன்னிக்கச் சொல்லுங்க."

மன்னிப்பு என்பது எவ்வளவு சல்லிசான சரக்கு. கேட்கிறவனுக்கு ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது.

வெளியே வந்ததும் சுருட்டை புலம்பினான். "ஆள் கிடைச்சான், சாட்சி கிடைக்கலை. நல்லா இருக்கு நம்ம பொழப்பு."

"சாட்சி இன்னொண்ணு இருக்கு" என்றாள் சித்தி. "ஓவியக்காரியை அவ தோழி வீட்டுக்கு வரச் சொல்லு."

புரோகிராம்காரியின் வீடு மூன்றாவது மாடி. கூடத்தில் ஒரு மேஜை, இரண்டு திரை, தரையெல்லாம் வயர். திரைகள் இரண்டும் அணைந்திருந்தன. வாசலில் ஓவியக்காரியைப் பார்த்ததும் அவள் முகம் கல்லானது.

"நீ எதுக்கு வந்தே?"

"நான்தான் கூட்டிட்டு வந்தேன்" என்று சித்தி உள்ளே போய் உட்கார்ந்தாள். "வீடியோவை அனுப்பினது உங்க தம்பி. அவரே ஒத்துக்கிட்டார்."

"தம்பியா?" என்று புரோகிராம்காரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "அவனா? அவனுக்கு எப்படி... அய்யோ."

சுருட்டைக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. சித்தி தண்ணீர் கேட்கிற தொனியில் கேட்டாள்.

"வீடியோவோட வாலை எதுக்கும்மா வெட்டினீங்க?"

நாற்காலியைப் பிடித்திருந்த கையைப் புரோகிராம்காரி எடுத்தாள்.

"கம்பெனி உங்களுக்கு அனுப்பினது முழுசு. நீங்க மத்தவங்களுக்குக் குடுத்ததுல தூதுவன் வர்ற இடம் இல்லை. பார்க்கறவங்களுக்கு அது கை தவறின மாதிரிதான் தெரியும். யாரும் அதை வெட்ட மாட்டாங்க. அதுக்கு அர்த்தம் தெரிஞ்சவங்கதான் வெட்டுவாங்க. அந்த அர்த்தம் உலகத்துலயே ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தர் அதை ஆடினவர்."

சுருட்டை ஓவியக்காரியைப் பார்த்தான். அவள் தோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம்கூட இன்னும் வந்து சேரவில்லை, வெறும் திகைப்பு.

"உனக்கு முதல்லயே தெரியுமா?" என்றாள்.

புரோகிராம்காரி அழுவாள் என்று சுருட்டை எதிர்பார்த்தான். அவள் அழவில்லை.

"தெரியும். ஆட்டத்தை அவனுக்கு அனுப்பினதே நான்தான். அம்மா போன்லேர்ந்து அனுப்பினேன். வெளியில யாருக்கும் காப்பி குடுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது நான், மீறினதும் நான். அவன் பார்த்துச் சிரிப்பான்னு நெனச்சேன். பேசுவான்னு நெனச்சேன். என் காப்பியில வாண்டு முகம் பாதிதான் இருந்துச்சு. நீ வரைஞ்சு முடிச்ச காப்பி என் கம்ப்யூட்டர்லயும் இருந்துச்சு, அதுல அவன் அப்படியே உயிரோட இருந்தான். அதான் அதை அனுப்பினேன்."

"அப்போ நீலம்னு எல்லாரும் என்னைச் சொன்னப்போ..."

"வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

"ஏண்டி?"

"ஏன்னா?" இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "வாண்டு முகத்துக்குப் பக்கத்துல ஒரு கட்டம் விடுன்னு உன்கிட்ட சொன்னேனா இல்லையா? ஒரு கார்டு வைக்கிற இடம். நீ என்ன பண்ணினே? படம் அசிங்கமா ஆகுதுன்னு கோட்டை மதிலை இழுத்து அதை மூடினே. எதுக்குன்னு கேட்டே. எனக்குச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. சரி போன்னு நானும் தூதுவனை வெச்சா பழம்ங்கற விதியைத் தூக்கிட்டேன். அந்தக் கட்டம் இருந்திருந்தா அவன் என்கிட்ட வந்திருப்பான். வீடியோவைப் பார்த்தப்போ எனக்கு உன்மேலதான் ஆத்திரம். நீலம் வேற வந்து மாட்டிச்சு. இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"கட்டத்தை மூடினதுக்கு எனக்கு இந்தத் தண்டனையா?" என்றாள் ஓவியக்காரி. "எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மதிலையே இடிச்சிருப்பேனே."

பேசாமல் இருந்து பேசாமல் இருந்தே அந்தக் குடும்பம் ஊருக்கெல்லாம் கொள்ளி வைத்திருக்கிறது என்று சுருட்டை நினைத்துக்கொண்டான். நகைச்சுவையாக எதுவும் தோன்றாததில் அவனுக்கே எரிச்சலாக இருந்தது.

சித்தி எழுந்தாள். "இப்போ, இங்கயே, எல்லாரும் பார்க்கற இடத்துல எழுதுங்க."

புரோகிராம்காரி திரையை உயிர்ப்பித்தாள். ரசிகர் பக்கத்தைத் திறந்து எழுதினாள். காப்பியை வெளியே கொடுத்தது நான். நீலக் காப்பியை அனுப்பியதும் நான். ஓவியர்மேல் எந்தத் தப்பும் இல்லை. அவளிடமும் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

"யாருக்கு அனுப்பினேன்னு எழுதலையே" என்றாள் ஓவியக்காரி.

"அது மட்டும் முடியாது. அவன் மைக் முன்னாடி உக்காரணும். என்னால ஒரு தடவை சிரிச்சாங்க, போதும்."

ஓவியக்காரி திரையில் இருந்ததை இன்னொரு தடவை படித்தாள். "சரி, விடு. இதுவே போதும்" என்றாள். அவளுக்கு வேண்டியது ஊர் இல்லையே.

பதிவு ஏறியது. படிக்கட்டில் இறங்கும்போது முதல் தளத்திலேயே அவள் போன் அடித்தது. திரையைப் பார்த்தவள் முகம் மலர்ந்தது. சுருட்டை அவளை அப்படிப் பார்ப்பது அதுவே முதல் தடவை.

"இவர்தான். தானா கூப்பிடறார் மேடம்" என்றாள். அவர்களும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டாள். "சொல்லுங்க. பார்த்தீங்களா?"

"பார்த்தேன்" என்றது இசைக்காரரின் குரல். அதில் கோபமே இல்லை, களைப்புதான் இருந்தது. "யாருக்கு அனுப்பினாள்னு அதுல இல்லை, எதுக்கு அனுப்பினாள்னு இல்லை. கஷ்டப்பட்டு அவ பண்ணின ஆட்டத்தை அவளே கொண்டுபோய்க் குடுத்தாளாம். ஏம்மா, பாவம் அவ. அவளை எப்படி இப்படி எழுத வெச்சே?"

ஓவியக்காரி ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். "இல்லைங்க" என்றாள். பிறகு, "யாரும் மிரட்டலை." பிறகு வெகுநேரம் "ம்" மட்டும்.

சித்தி அவள் தோளைத் தொட்டாள். "நான் வந்து அவர்கிட்ட பேசறேன்மா. ரெண்டு வீடியோவையும் காட்டறேன்."

"வேண்டாம் மேடம். உங்களை நான் கூட்டிட்டு வந்த ஆள்னுதான் சொல்வார்." அவள் போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். "என்மேல தப்பில்லைன்னு உங்களுக்குத் தெரியும் இல்லையா?"

"தெரியும்."

"உனக்கு?" என்று சுருட்டையைக் கேட்டாள்.

"தெரியும்க்கா" என்றான் சுருட்டை.

"ரெண்டு பேர்" என்று தலையாட்டினாள். தெருவில் இறங்கியதும் வீட்டுக்குப் போகிற பஸ் வந்து நின்றது. கண்டக்டர் அவளைப் பார்த்துக் காத்திருந்தார். அவள் ஏறவில்லை. பஸ் போய்விட்டது.